பிஎஸ்சி முடிகிறது, பிஎச்டி ஆசை இருக்கிறது: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாலு வழி

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். பேரணாம்பட்டிலிருந்து ஒரு பெண், அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை, மைக்ரோபயாலஜி கடைசி வருடம். பீஞ்சமந்தை மலையிலிருந்து ஒரு பையன், பயோகெமிஸ்ட்ரி, அவன் தெருவில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒருவர், பிஎஸ்சி முடித்து ஒரு வருடமாக மெடிக்கல் கோடிங்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். மூவருக்கும் நோய், மருந்து, மரபணு என்று ஏதாவது ஒன்றில் பிஎச்டி வரை போய்விட வேண்டும் என்று ஆசை. ஊரிலேயே எம்எஸ்சி சேருவதா, வெளி மாநிலத்துக்குப் போவதா, லேபில் வேலைக்குச் சேருவதா, கோச்சிங் போவதா என்பதுதான் கேள்வி.

நான் குடியாத்தத்தில் பீடி சுற்றும் வீட்டில் பிறந்தவன். இந்த நாலு வழியில் மூன்றில் நானே நடந்திருக்கிறேன், ஒன்றில் காசைத் தொலைத்திருக்கிறேன். அதனால் நடுநிலை என்றெல்லாம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். காலியான அந்த இடத்தில் நான் ஒன்றைச் சேர்ப்பேன்: லேப் இருக்கிற ஊரில் லேபுக்குள் போகாத பிள்ளைகள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நிர்மலா செல்லப்பன், சிறிய ஊரிலிருந்து வந்த பெண், ஆய்வேட்டுக்காகத் தான் சேகரித்த ரத்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு ரயிலேறி வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குத்தான் வந்தார். இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதலில் தெரிந்தது அந்தப் பரிசோதனையில்தான். சென்னையிலிருந்து இங்கே தேடி வந்தார்கள். நம் பிள்ளைகள் அதே சிஎம்சியின் வெளிநோயாளி வரிசையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

எதை வைத்து எடை போடுவது

கல்லூரிப் பெயரை வைத்துப் பார்க்காதீர்கள். நான் ஐந்து விஷயத்தைப் பார்ப்பேன்.

முதலில் காசு. கட்டணம் மட்டும் பார்த்தால் போதாது, அந்த வருடம் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவராத சம்பளத்தையும் சேர்க்க வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தங்கை வேலைக்குப் போய் அண்ணனைப் படிக்கவைக்கும் வீடுகளை எனக்குத் தெரியும், அங்கே ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று, புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாய் முதல் பட்டத்தோடு நின்றுவிடும். எம்எஸ்சிக்கும் வரும் என்று நினைத்துக் கணக்குப் போட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது கை. பிப்பெட் பிடித்து, ஜெல் ஓட்டி, தப்பாகி, திரும்ப ஓட்டிய அனுபவம். மூன்றாவது கடிதம். பிஎச்டி நேர்முகத்துக்கும் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும் உங்களை வேலை செய்யப் பார்த்த ஒருவர் எழுத வேண்டும். வகுப்பில் அறுபது பேரில் ஒருவராக உங்களை அறிந்த ஆசிரியர் ‘ஒழுக்கமான மாணவி’ என்றுதான் எழுதுவார், அவர் மேல் தப்பில்லை.

நான்காவது சான்றிதழ்க் கணக்கு, இதை யாருமே சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம்தான். மத்திய நிறுவனங்களில் 7.5. ஜவ்வாது மலை, பீஞ்சமந்தைப் பக்கத்து மலையாளி (கேரளத்தவர் இல்லை, மலைவாழ் பழங்குடி) பிள்ளைக்கு, வெறும் விகிதத்தைப் பார்த்தாலே மத்தியப் பக்கக் கதவு பல மடங்கு அகலம். பழங்குடிப் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயருக்குப் பக்கத்தில் வட ஆற்காடு என்று இன்னும் இருக்கிறது. மாவட்டம் 1989-ல் இரண்டாகி, 2019-ல் வேலூரே மூன்றாகப் பிரிந்த பிறகும் அந்தப் பழைய பெயர்தான் இந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. பிசி, எம்பிசி, பிசி முஸ்லிம் என்று மாநிலத்தில் தனித்தனியாக இருப்பவர்களில் மத்தியப் பட்டியலிலும் இருப்பவர்கள் அங்கே ஒரே ஓபிசி 27 சதவீதத்துக்குள் போட்டி போட வேண்டும், அதற்கு மத்திய அரசு படிவத்தில் கிரீமி லேயர் இல்லை என்ற சான்று தனியாக வாங்க வேண்டும், பழைய தேதியிட்டதைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்கள் நம் பக்கம் நிறைய, அவர்களுக்கு எஸ்சி கிடையாது, மாநிலத்தில் பிசி, மத்தியில் ஓபிசி. தெருவில் அனுபவிப்பது ஒன்று, சான்றிதழில் இருப்பது வேறு. அது நியாயமா என்பது தனிப் பேச்சு. விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்பது இன்றைய பேச்சு.

கடைசியாக வீடு. பெண்ணை எவ்வளவு தூரம் அனுப்புவார்கள், எத்தனை வருடம் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவார்கள். இதைக் கணக்கில் சேர்க்காமல் யாராவது ஆலோசனை சொன்னால் நம்பாதீர்கள்.

| | ஊரில் எம்எஸ்சி | வெளியே மத்திய நிறுவனம் | லேபில் ஒரு வருட வேலை | கோச்சிங் வருடம் |
|---|---|---|---|---|
| காசு | அரசுப் பிரிவில் குறைவு, சுயநிதியில் கூடும் | கட்டணம் தாங்கும், மெஸ்ஸும் பயணமும் கடிக்கும் | கைக்குச் சம்பளம் வரும் | எல்லாமே செலவு |
| கை | நீங்களே தேடினால்தான் | நன்று | மிக நன்று, வேலையைப் பொறுத்து | இல்லை |
| கடிதம் | சுமார் | நன்று | மிக நன்று | இல்லை |
| சான்றிதழ்க் கணக்கு | 69 சதவீதம் | எஸ்டிக்குப் பெரிய லாபம் | பெரிதாக உதவாது | பொருந்தாது |
| வீடு | எளிது | கடினம் | எளிது | கடினம் |

ஊரிலேயே எம்எஸ்சி

நான் போனது இந்த வழி. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் அம்மா கையால் சோறு, ஹாஸ்டல் செலவு இல்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றும் பல கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கும், ஒரே கட்டடம், ஒரே வராந்தா, கட்டணம் மட்டும் வேறு. சேருவதற்கு முன் அட்மிஷன் கவுண்டரில் ‘எய்டடா, செல்ஃபா’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மறைந்திருக்கும் பெரிய செலவு கடைசி செமஸ்டரில் வரும். பிராஜெக்ட். கல்லூரியில் கருவி போதாது, வெளியே போ என்பார்கள். வெளியே பணம் கட்டினால் தலைப்பும் கொடுத்து, ரிசல்ட்டும் கொடுத்து, பைண்டிங்கும் போட்டுத் தரும் தனியார் லேபுகள் இருக்கின்றன. என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் முடித்தோம், நானும்தான், மறைக்க ஒன்றுமில்லை. பிறகு ஒரு பிஎச்டி நேர்முகத்தில் ‘இந்த பிரைமரை எப்படி டிசைன் செய்தீர்கள்’ என்று கேட்டார்கள். எதிரில் இருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சிக்கல் நெட் தேர்வு, பிஎச்டி உதவித்தொகைக்கான தகுதித் தேர்வு. சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்சஸ் மொத்தம் 200 மார்க், அதில் சரிபாதி, 100 மார்க், சி பகுதிக்கு. அங்கே மனப்பாடம் வேலைக்கு ஆகாது. ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்து இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். செமஸ்டர் தேர்வில் ‘சிறுகுறிப்பு வரைக’ எழுதியே வளர்ந்தவர்களுக்கு அது வேற்றுமொழி மாதிரி இருக்கும். இந்தத் தேர்வுக்கு எம்எஸ்சியில் பொதுவாக 55 சதவீதமும் எஸ்சி, எஸ்டி உள்ளிட்ட சில பிரிவினருக்கு 50-ம் வேண்டும், ஆகவே மார்க்கையும் விட்டுவிட முடியாது.

அப்படியும் யாருக்கு இந்த வழி நல்லது? வீட்டை விட்டு நகரவே முடியாதவர்களுக்கு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதவர்களுக்கு, ‘எம்எஸ்சி முடிக்கட்டும்’ என்ற ஒரே சாக்கில் கல்யாணத்தை இரண்டு வருடம் தள்ளிவைத்திருக்கும் பெண்களுக்கு. ஒரே நிபந்தனை, முதல் செமஸ்டரிலேயே கடைசி செமஸ்டர் பிராஜெக்டுக்கு இடம் தேட ஆரம்பியுங்கள். கோடை விடுமுறைக்கு மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப் இருக்கிறது, இரண்டு மாதம் ஒரு நிஜ லேபில் உட்காரவைத்து உதவித்தொகையும் தருவார்கள். அதற்கு விண்ணப்பிக்கும் காலம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்கள். நம் பிள்ளைகள் விசாரிப்பது ஏப்ரலில்.

வெளியே, மத்திய நிறுவனத்துக்கு

தேர்வுகள் மூன்று. ஐஐடிகளுக்கும் பெங்களூரு ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்டிக்கும் ஜாம். பாண்டிச்சேரி, ஹைதராபாத், ஜேஎன்யு, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 2022 முதல் க்யூட் பிஜி. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் நடக்கும் எம்எஸ்சி படிப்புகளுக்கு கேட்-பி (GAT-B). ஜாம் கட்டணம் பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டிக்கும் பாதிதான்.

நம்மவர்கள் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. ஜாம் பயோடெக்னாலஜி தாளில் பிளஸ் டூ அளவுக்குக் கணிதமும் இயற்பியலும் வரும். கேட்-பியின் முதல் பகுதி 60 கேள்வியும் கட்டாயம், அதிலும் பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்தான். பியூர் சயின்ஸ் குரூப் எடுத்துக் கணிதத்தைப் பத்தாம் வகுப்போடு கைகழுவியவர்களுக்கு உயிரியலை மட்டும் படித்தால் போதாது. தமிழ்வழியில் படித்தவர் என்றால் அதே கணக்கை ஆங்கிலத்தில் மறுபடி பழக வேண்டும். இரண்டாம் வருட விடுமுறையில் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தைத் தூசி தட்டுவது எந்த கைடு வாங்குவதையும்விட உருப்படியான வேலை.

அடுத்தது காலம். ஜாம் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில். நீங்கள் மே மாதம் மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘என்ன செய்யலாம் சார்’ என்று கேட்கும்போது அந்தக் கதவு சாத்தி ஏழு மாதம் ஆகியிருக்கும். அரியர் இருந்தாலோ, பல்கலைக்கழகம் ரிசல்ட்டைத் தாமதமாக விட்டாலோ, கிடைத்த இடமும் நழுவும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குப் புரொவிஷனல் சான்றிதழ் பத்து நாள் தாமதமாக வந்ததால் வெளிமாநில இடம் போயே போய்விட்டது.

உள்ளே போன பிறகு வரும் செலவு வேறு ரகம். மெஸ் பில், கம்பளி, தீபாவளிக்கு வீட்டுக்கு வர டிக்கெட், இதெல்லாம் சமாளிக்கலாம். முதல் செமஸ்டரில் வாரம் மூன்று ஆய்வுக் கட்டுரை படித்து வா என்பார்கள், வகுப்பில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் சரளமாகக் கேள்வி கேட்பார்கள், நாம் நல்லா படிப்போமே, இங்கே ஏன் மட்டி மாதிரி ஆகிவிட்டோம் என்று தோன்றும். ‘உன் ரேங்க் என்ன’ என்று சிரித்துக்கொண்டே கேட்பவர் எதைக் கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். தில்லி எய்ம்ஸில் எஸ்சி, எஸ்டி மாணவர்கள் ஒதுக்கப்படுவதை விசாரிக்க அமைத்த தோரட் குழு 2007-லேயே அறிக்கை கொடுத்தது, அதனால் இது உங்கள் மனப்பிரமை என்று யாரும் சொல்ல முடியாது. போன முதல் வாரமே எஸ்சி எஸ்டி செல் எங்கே இருக்கிறது, தமிழ்ப் பிள்ளைகள் எந்தப் பிளாக்கில் இருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டர் மார்க்கை வைத்து உங்களை நீங்களே எடை போட்டுவிடாதீர்கள், மூன்றாம் செமஸ்டரில் ஆள் மாறியிருப்பீர்கள்.

ஒருங்கிணைந்த பிஎச்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிஎஸ்சி முடித்தவுடனே சேரலாம், எம்எஸ்சியும் பிஎச்டியும் ஒன்றாக, ஐஐஎஸ்சி போன்ற இடத்தில் முதல் வருடத்திலிருந்தே உதவித்தொகை. காசில்லாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை. இடங்கள் குறைவு, அது உண்மைதான். காட்பாடியில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு பெங்களூரு, சென்னை போகிற மாதிரிதான் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

லேபில் ஒரு வருடம்

என் ஓட்டு இதற்குத்தான், குறிப்பாக அக்டோபர் கதவைத் தவறவிட்டவர்களுக்கு.

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களும் பிற சிறுபான்மையினரும் பிஎச்டி பக்கம் வரவில்லை என்று கண்டு யோசித்தவர்கள் கண்ட வழியும் ஏறக்குறைய இதுதான். தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச், ‘ப்ரெப்’ என்ற பெயரில் நடத்திவந்த திட்டத்தில் பட்டம் முடித்தவரை லேபில் சம்பளத்தோடு உட்காரவைத்து, பெரும்பகுதி நேரம் ஆராய்ச்சி, மீதி நேரம் பிஎச்டி விண்ணப்பத்துக்கான தயாரிப்பு என்று பிரித்துக் கொடுத்தார்கள். மேரிலாந்தில் 1988-ல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டம் இதைக் கல்லூரி முதல் வருடத்திலிருந்தே செய்கிறது, கூட்டாகப் படிக்கவைப்பது அதன் முக்கியப் பாடம். கொரோனா தடுப்பூசி ஆராய்ச்சியில் பெயர் வாங்கிய கிஸ்மேக்கியா கார்பெட் அங்கே படித்து வந்தவர்தான். நமக்கு அதை யாரும் தட்டில் வைத்துத் தரப்போவதில்லை, ஆனால் துண்டுதுண்டாக வேலூரிலேயே கிடைக்கிறது.

சிஎம்சியின் ஆய்வகங்கள், பாகாயத்தில் இருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம், கரிகிரி தொழுநோய் மருத்துவமனையின் ஆய்வகம், இங்கெல்லாம் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), டிபிடி (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) நிதியில் திட்டங்கள் நடக்கும்போது பிராஜெக்ட் அசிஸ்டென்ட், டெக்னீஷியன் என்று ஆள் எடுப்பார்கள். அறிவிப்பு இணையத்தில் வரும், சில நாட்களில் போய்விடும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2020 ஆணைப்படி பிஎஸ்சி முடித்த பிராஜெக்ட் அசிஸ்டென்டுக்கு மாதம் 20,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். எல்லாத் திட்டத்திலும் இதே தொகை என்று நினைக்க வேண்டாம், அறிவிப்பில் போட்டிருப்பதைப் பாருங்கள். ‘வேலை வாங்கித் தருகிறேன்’ என்று காசு கேட்பவர் எதிரில் வந்தால் எதிர்ப்பக்கம் நடங்கள்.

நான் இரண்டு முறை நெட்டில் தோற்றுவிட்டு எம்எஸ்சிக்குப் பிறகு இப்படி ஒரு வருடம் வேலை பார்த்தேன். முதல் மாதம் டியூபுக்கு லேபிள் ஒட்டினேன். இரண்டாம் மாதமும் லேபிள்தான். நான்காம் மாதத்தில் ஒரு பிசிஆர் தொடர்ந்து வேலை செய்யவில்லை, ஏன் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கற்றதை இரண்டு வருட எம்எஸ்சி தரவில்லை. வாராவாரம் ஆய்வுக் கட்டுரையைக் கூடிப் படித்துப் பேசும் ஜர்னல் கிளப், முதலில் ஒன்றும் புரியாது, ஆறாம் மாதம் நானே ஒரு பேப்பரை எடுத்து நடத்தினேன். அடுத்த டிசம்பர் நெட்டில் சி பகுதியைப் பார்த்தபோது இதெல்லாம் நாம் செய்த வேலையாச்சே என்று இருந்தது. ஜேஆர்எஃப், அதாவது பிஎச்டிக்கான மாத உதவித்தொகை, கிடைத்தது.

கூடவே ஒரு எச்சரிக்கை. இதில் மாட்டிக்கொள்ளவும் செய்யலாம். ஒப்பந்தம் ஆறு மாதம், பதினொரு மாதம் என்றுதான் இருக்கும், நிதி நின்றால் வேலை நிற்கும். வேலை நன்றாகச் செய்தால் விடமாட்டார்கள், ‘அடுத்த பிராஜெக்டிலும் இரு’ என்பார்கள், வீட்டிலும் சம்பளம் பழகிவிடும், நாலு வருடம் கழித்துப் பார்த்தால் கூடப் படித்தவன் பிஎச்டி முடிக்கும் நேரத்தில் நீங்கள் இன்னும் மாதிரி எண்ணிக்கொண்டிருப்பீர்கள். சில வேலைகளில் பிப்பெட்டே இருக்காது, வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவதுதான். எபிடெமியாலஜி, அதாவது நோய் பரவுவதை ஆராயும் துறையில் ஆசை இருந்தால் அதுவும் பொன்தான், இல்லையென்றால் இல்லை. நேர்முகத்திலேயே கேளுங்கள்: என் கை எந்த வேலையில் இருக்கும், ஜர்னல் கிளப்பில் உட்கார விடுவீர்களா, தேர்வுக்கு விடுப்பு உண்டா. கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடம் உங்களுக்கான இடம் இல்லை. சேரும் நாளிலேயே விலகும் மாதத்தை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள்.

கோச்சிங்

சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் கோபம் வரும். ஒரு பெரிய நகரத்தில் ஒரு சென்டரில் 40,000 ரூபாய் கட்டினேன், அம்மாவின் கம்மலும் அதில் சேர்த்தி. பாதிப் பாடம் போனதும் ஆசிரியர் நின்றுவிட்டார், மீதிக்கு ஜெராக்ஸ் கொடுத்தார்கள். எல்லா சென்டரும் அப்படி என்று சொல்லமாட்டேன். எம்எஸ்சி முடித்து, லேப் அனுபவமும் வாங்கி, கட்-ஆஃபில் ஓரிரு மார்க்கில் தவறியவருக்கு மூன்று மாத டெஸ்ட் சீரிஸ் உதவும், அதுவும் வீட்டிலிருந்தபடி இணையத்தில். பிஎஸ்சி முடித்தவுடன் ஒரு வருடத்தை இதில் போடுவதை நான் எந்த வீட்டுக்கும் சொல்லமாட்டேன்.

ஜேஆர்எஃப் வந்தால் கணக்கு மாறும்

எந்த வழியில் போனாலும் ஒரு கட்டத்தில் யாராவது உங்களுக்குப் பணம் தர வேண்டும். ஜேஆர்எஃப் 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000, வாடகைப் படி தனி. எஸ்சி, எஸ்டிக்கும் பெண்களுக்கும் வயது வரம்பில் 5 வருடம் சலுகை உண்டு, ஆகவே ஒரு வருடம் லேபில் போனால் வயது போய்விடும் என்று பயப்பட வேண்டாம். எஸ்சிக்கும் எஸ்டிக்கும் மத்திய அரசின் தேசிய ஃபெலோஷிப் தனித்தனியே இருக்கிறது. தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர பிஎச்டி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிறது, இதில் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களும் வருவார்கள், அப்படிப்பட்ட குடும்பத்துக் காட்பாடிக்காரருக்கு இது தெரியவே தெரியாது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், ஃபெலோஷிப் பணம் ஒன்றாம் தேதி வருகிற சம்பளம் மாதிரி இல்லை, சில மாதம் சேர்ந்து ஒரே தவணையாக வரும். முதல் ஆறு மாதத்துக்குக் கையில் ஏதாவது இருக்கட்டும்.

மூவருக்கும் என்ன சொன்னேன்

காட்பாடிக்காரருக்கு எளிது: கோடிங் வேலையை உடனே விடாதீர்கள், லேப் அறிவிப்பு வந்ததும் மாறுங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அங்கிருந்தபடியே அக்டோபரில் ஜாமுக்குப் போடுங்கள்.

பேரணாம்பட்டுப் பெண்ணின் அப்பா பாண்டிச்சேரி வரை சரி, அதற்கு மேல் வேண்டாம் என்றார். க்யூட் பிஜியில் பாண்டிச்சேரி, கிடைக்காவிட்டால் ஊரிலேயே எம்எஸ்சி, முதல் செமஸ்டரிலிருந்தே பிராஜெக்டுக்கு லேப் தேடுவது என்று பேசி முடித்தோம். அவளுடைய அம்மா கேட்டது ஒன்றுதான், ஹாஸ்டலில் நோன்புக்கு ஸஹர் நேரத்தில் சாப்பாடு கிடைக்குமா என்று. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

பீஞ்சமந்தைப் பையனை மத்திய நிறுவனத்துக்குத் தவிர வேறெதற்கும் யோசிக்காதே என்றேன். அவனிடம் எஸ்டி சான்றிதழ் இல்லை. அப்பாவிடம் பழைய அட்டை ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். எஸ்டி சான்று தாசில்தார் கையில் இல்லை, கோட்டாட்சியர் தர வேண்டும், விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும். அணைக்கட்டில் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு ஒப்புகைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். கூடவே பிளஸ் டூ கணிதப் புத்தகம் யாரிடமாவது இருக்குமா சார் என்று கேட்டிருக்கிறான்.